பூஜ்யம் வைத்த இடம்

காய்கறிக் கடையில் தட்டில் கத்தரிக்காய் விழுவதற்கு முன்னால் தாமோதரன் தராசு முள்ளைப் பார்ப்பார். முள் நடுவில் நிற்கவில்லை என்றால், கடைக்காரர் வேறு யாரிடமோ பேசிக்கொண்டிருக்கும்போதே கையை நீட்டித் தட்டைத் தொட்டு ஆடவிட்டு, அது அடங்கும்வரை காத்திருப்பார். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தால் தெர்மாமீட்டரை உதறி, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, பாதரசம் முழுக்க இறங்கிவிட்டது என்று தெரிந்த பிறகுதான் வாயில் வைப்பார். அதற்குள் காய்ச்சலே விட்டுவிடும் என்று மனைவி சகுந்தலா சொல்வாள்.

பிறந்தது மாமல்லபுரத்தில்; இப்போதும் அங்கேதான் வீடு. அப்பாவுக்குப் பெருமாள் கோயில் மடப்பள்ளியில் வேலை. தாமோதரன் செங்கல்பட்டில் தங்கிப் படித்து, எழுபத்தொன்றில் ஒரு தொழிற்சாலையின் கருவிப் பிரிவில் சேர்ந்தார். அழுத்தமானிகளைச் சரிபார்க்கும் வேலை. தொண்ணூற்றாறில் தொழிற்சாலை மூடப்பட்டதும் நாவலூருக்குப் பக்கத்தில் ஒரு தனியார் பரிசோதனைக் கூடம் அவரைக் கூப்பிட்டுக்கொண்டது. அங்கும் அதே வேலைதான். கருவி வரும். நல்ல கருவி ஒன்றின் பக்கத்தில் வைத்து, இது எவ்வளவு காட்டுகிறது, அது எவ்வளவு காட்டுகிறது, வித்தியாசம் எவ்வளவு என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். படிவத்தில் கடைசியாக ஒரு கட்டம் உண்டு: பயன்படுத்தலாம், கூடாது. அதை அதிகாரி நிரப்புவார். முப்பத்தைந்து வருஷத்தில் தாமோதரன் அந்தக் கட்டத்தில் பேனாவை வைத்ததில்லை. அது தன் வேலை இல்லை என்பதில் அவருக்கு ஒரு நிம்மதி இருந்தது.

2006இல் எதிர்வீட்டு மாடியில் செல்போன் கோபுரம் வந்தது. வீட்டுக்காரி செல்லம்மா விதவை. கல் பட்டறைகளுக்குச் சாப்பாடு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவள். கோபுரம் வந்த புதிதில் தெருவே சந்தோஷப்பட்டது. அதுவரை போனை எடுத்துக்கொண்டு கடற்கரைப் பக்கம் ஓடியவர்கள் சமையலறையிலிருந்தே பேசினார்கள். ஒரு வருஷம் கழித்து ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைகளில் வேறு மாதிரி கட்டுரைகள் வரத் தொடங்கின. கர்ப்பிணிகள், குழந்தைகள் என்று எழுதியிருந்தார்கள். நிச்சயமாக ஒன்றும் சொல்லவில்லை; நிச்சயமாக இல்லை என்றும் சொல்லவில்லை.

தாமோதரனின் ஒரே மகள் ஹரிப்ரியாவுக்கு அப்போது ஏழு மாதம். செங்கல்பட்டில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். தலைப்பிரசவம். வளைகாப்பும் சீமந்தமும் முடிந்த கையோடு பெண்ணைப் பிறந்தகத்துக்கு அழைத்து வரவேண்டும். சகுந்தலா பழைய நூல்புடவைகளைத் துவைத்துக் கிழித்து மடித்து அலமாரியில் ஒரு தட்டு நிறைய வைத்திருந்தாள். இரண்டு மாதமாக அவளுக்கு வேறு பேச்சே கிடையாது.

சம்பந்தி சௌந்தரவல்லி கட்டுரைகளைக் கத்தரித்து வைத்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். சண்டை போடுகிறவள் இல்லை. போனில் நிதானமாகவே சொன்னாள். உங்களாத்துக்கு நேர் எதிர்க்கக் கோபுரம் இருக்கே, மனசுக்குக் கொஞ்சம் பயமா இருக்கு என்றாள். பிறகு ஒன்று சொன்னாள்.

"நீங்கதான் அளக்கறவராச்சே. அளந்து சொல்லுங்கோ. நீங்க சொன்னா எனக்கு மறுபேச்சு இல்லை."

யாரும் அவரிடம் இவ்வளவு மரியாதையாக ஒரு வேலையைக் கொடுத்ததில்லை. தாமோதரனுக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பரிசோதனைக் கூடத்தில் அதற்கான கருவி இருந்தது. வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. கறுப்புக் கைப்பிடி, ஒரு முழக் குச்சி, அதன் நுனியில் எலுமிச்சம்பழம் போல மஞ்சள் உருண்டை. உருண்டையில் படும் அலையின் பலத்தைக் கைப்பிடியில் உள்ள சின்னத் திரை எண்ணாகக் காட்டும். மைக்ரோவேவ் அடுப்புக் கதவின் விளிம்பில் கசிவு இருக்கிறதா என்று பார்க்க அதைப் பயன்படுத்தினார்கள். அந்தப் பொறுப்பு தாமோதரனுடையது. அடுப்பின் அருகே கருவியைப் பிடித்து, பூஜ்யப் பொத்தானை அமுக்கி, திரையில் பூஜ்யம் வந்ததும் அடுப்பை ஓடவிடுவார். வெப்பம் மாறினால் கருவி காட்டும் எண் கொஞ்சம் நகர்ந்துவிடும். அதனால் இடம் மாறும்போதெல்லாம் பூஜ்யம் வைக்க வேண்டும். அவருக்கு யாரும் சொல்லித்தரத் தேவைப்படவில்லை. தராசு, அழுத்தமானி எல்லாவற்றுக்கும் அதுதானே.

இன்ஜினீயர் கிரிதரிடம் கேட்டு, சனி ஞாயிறு இரண்டு நாளுக்குக் கையெழுத்துப் போட்டு வாங்கி வந்தார்.

சனிக்கிழமை காலை படுக்கையறையில் தொடங்கினார். நடுவில் நின்று, பொத்தானை அமுக்கி, பூஜ்யம் வைத்து, நிதானமாகக் கருவியைப் பிடித்தார். பூஜ்யம். எப்போதாவது ஒன்று வந்து மறைந்தது. கூடத்துக்குப் போய் மறுபடி பூஜ்யம் வைத்தார். பூஜ்யம். சமையலறை, பூஜை அலமாரி முன்னால், கிணற்றடி, கடைசியாக மொட்டை மாடி. மாடியில் கோபுரத்தின் நீளமான வெள்ளைப் பெட்டிகள் ஆள் உயரத்தில் எதிரே தெரிந்தன. அங்கும் பூஜ்யம் வைத்துப் பார்த்தார். பூஜ்யம்.

சகுந்தலா பின்னாலேயே வந்துகொண்டிருந்தாள். "ஒண்ணுமே இல்லையா?" என்று இரண்டு தடவை கேட்டாள். பிறகு புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கீழே போய்விட்டாள்.

அன்று மாலையே செங்கல்பட்டுக்குப் போன் செய்தார். ஆறு இடத்தில் அளந்தேன், ஆறிலும் சைபர் என்றார். சௌந்தரவல்லி பெரிதாக மூச்சுவிட்டது கேட்டது. அப்போ அடுத்த ஞாயித்துக்கிழமை வளைகாப்பு முடிஞ்சதும் அழைச்சிண்டு போங்கோ என்றாள்.

விஷயம் அத்துடன் முடிந்திருக்க வேண்டும். ஆனால் தாமோதரன் எந்தக் கருவியையும் ஒரே இடத்தில் நம்பிப் பழகியவர் இல்லை. தெரிந்த ஒன்றோடு ஒப்பிட்டுப் பார்க்காதவரை அவருக்குத் தூக்கம் வராது. கோபுரம் எதிரே இருக்கும் வீட்டில் பூஜ்யம் என்றால் கோபுரமே இல்லாத இடத்தில் என்ன காட்டும்? பூஜ்யம்தான் காட்ட வேண்டும். அதையும் பார்த்துவிடலாம் என்று ஞாயிற்றுக்கிழமை ஈ.சி.ஆர். பஸ் ஏறி முட்டுக்காட்டில் இறங்கினார். படகுக் குழாமின் கூட்டத்தைத் தாண்டி, கழிமுகக் கரையோடு வெகுதூரம் நடந்தார். சுற்றிலும் தண்ணீர், சவுக்கு, மணல். ஒப்பிடுவதற்காக வந்ததால் பொத்தானைத் தொடவில்லை. வீட்டு மாடியில் வைத்த பூஜ்யம் அப்படியே இருந்தது. கருவியை உயர்த்தினார்.

எண்ணுக்கு முன்னால் ஒரு சிறு கோடு நின்றது. கழித்தல் ஒன்பது.

தாமோதரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். கழித்தல் ஒன்பது. தெற்கே திரும்பினார். கழித்தல் ஒன்பது. ஒன்றுமே இல்லாததைவிட ஒன்பது குறைவாக இங்கே என்ன இருக்க முடியும்? கருவியைத் தண்ணீருக்கு நேராக நீட்டிப் பார்த்தார். முழங்கால் தண்ணீரில் வலை வீசிக்கொண்டிருந்த ஓர் ஆள் நெடுநேரமாக அவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னா அண்ணாத்த, மீனு எங்க கீதுன்னு பாத்துகினு கீறியா?"

மீன் இல்லை என்றார் தாமோதரன்.

"அதான் நானும் சொல்றேன். காலைலேர்ந்து ஒண்ணும் மாட்டல. உன் மிஷினு இன்னா சொல்லுது?"

"ஒண்ணும் இல்லாததுக்கும் கீழேங்கறது."

அந்த ஆள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "கரெக்டாத்தான் சொல்லுது" என்று வலையை இழுத்தான்.

திங்கட்கிழமை காலை கிரிதரிடம் கருவி கெட்டுவிட்டது என்று சொன்னார். கிரிதருக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும். எங்கே எங்கே அளந்தீர்கள், எப்படி அளந்தீர்கள் என்று கேட்டுக்கொண்டே வந்தவன், ஒவ்வொரு அறையிலும் பூஜ்யம் வைத்தேன் என்றதும் நிறுத்திவிட்டான். சிரிக்கவில்லை. அது தாமோதரனுக்குப் பிற்பாடு நினைவிருந்தது.

"சார், இங்க அடுப்பை ஆஃப் பண்ணிட்டு ஜீரோ வைப்பீங்க. அங்க டவரை யார் ஆஃப் பண்ணுனது?"

தாமோதரனுக்கு உடனே புரிந்தது. தட்டில் கத்தரிக்காயைக் கொட்டிவிட்டு முள்ளை நடுவில் நிறுத்தியிருக்கிறார். ஆறு இடத்திலும் அங்கே இருந்ததைத்தான் பூஜ்யம் என்று கருவிக்குச் சொல்லியிருக்கிறார். கருவி கெட்டிக்காரத்தனமாக அதையே அவருக்குத் திருப்பிச் சொல்லியிருக்கிறது. கருவி சரி. முட்டுக்காடு சரி. வலைக்காரன்கூடச் சரி.

அன்று மாலை வீட்டுக்குப் போனவர் நேரே செல்லம்மாவிடம் போய், கோபுரத்தைப் பத்து நிமிஷம் நிறுத்த முடியுமா என்று கேட்டார். வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னா சாமி, அது இன்னா எங்க வூட்டு மோட்டாரா? பூட்டு போட்டு கீது. சாவி கம்பெனிக்காரன்கிட்ட கீது. நானே எம் மாடில வடாம் போட முடியாம பேஜாரா கீறேன், நீ வேற."

அடுத்த சனிக்கிழமை கருவியை மறுபடி வாங்கி வந்தார். கிரிதர் சொன்னபடி, சாப்பாடு கட்டும் வெள்ளித்தாளால் மஞ்சள் உருண்டையை மூன்று சுற்றுச் சுற்றி, அலை உள்ளே புகாதபடி செய்து, அதன் பிறகு பூஜ்யம் வைத்தார். தாளைப் பிரித்தார். எண் ஏறியது. ஜன்னலருகே ஆறு. அலகு, சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை மைக்ரோவாட்.

சரி, ஆறு என்று எழுதினார். ஓர் அடி நகர்ந்து பார்த்தார். இரண்டு. மறுபடி பழைய இடத்துக்கு வந்தார். நான்கு. கையை மடக்கி நெஞ்சுக்கு அருகில் பிடித்தால் ஒன்று, நீட்டிப் பிடித்தால் ஐந்து. அளக்கிறவன் உடம்பே அலையை மறைக்கும் என்று கிரிதர் சொல்லியிருந்தான். துணி உலர்த்தும் மூங்கில் கழியில் கருவியைக் கட்டி, கழியை நாற்காலியில் கட்டி நிறுத்திவிட்டு, தாமோதரன் தரையில் தள்ளி உட்கார்ந்து, சவரக் கண்ணாடியை வைத்து எண்ணைத் தலைகீழாகப் படித்தார். ஆறு நிமிஷத்துக்குச் சராசரி எடுக்க வேண்டும். காலையில் சராசரி மூன்று. சாயங்காலம், ஊர் முழுக்கப் போனில் பேசும் நேரத்தில், ஏழு. மாடியில் ஒன்பது. கட்டில் உயரத்தில் ஒன்று, நின்றால் ஐந்து. ஒரு தாளின் இரண்டு பக்கமும் எண்கள் நிரம்பின. அழுத்தமானியில் ஐந்து என்றால் ஐந்துதான். சுவரிலிருந்து ஓர் அடி நகர்ந்தால் அது இரண்டாகாது. இதில் எதைச் சொல்வது?

எவ்வளவு இருக்கலாம் என்பதற்குக் கிரிதர் மூன்று தாள்கள் கொடுத்திருந்தான். உலகத்துக்குப் பொதுவான தாளில் நானூற்றைம்பதுவரை போகலாம் என்றிருந்தது. ஒரு நாட்டுக்காரர்கள் பத்துக்கு மேல் கூடாது என்றார்கள். வேறோர் ஊர்க்காரர்களுக்குப் பூஜ்யம் புள்ளி ஒன்றே அதிகம். மூன்றையும் எழுதியவர்கள் படித்தவர்கள்தான்.

சகுந்தலா தாளை வாங்கிப் பார்த்தாள். "வாட்டுன்னா, நம்மாத்து டியூப்லைட் நாப்பது வாட். இது ஆறா?"

"இது மைக்ரோ. பத்து லட்சத்துல ஒரு பங்கு."

"பத்து லட்சத்துல ஒரு பங்குக்கா இத்தனை அமர்க்களம்? ஏன்னா, சைபர்னு சொன்னது சொன்னதாவே இருக்கட்டுமே. யாருக்கு என்ன நஷ்டம்?"

தவறான எண்ணைக் கொடுத்தாயிற்று, கையெழுத்துப் போட்ட மாதிரி என்றார் அவர். நீங்க போட்ட கையெழுத்தாலதான் குழந்தை வரப் போறா, அதை நீங்களே அழிக்கப் போறேளா என்று கேட்டாள். அவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை வாடகைக் காரில் செங்கல்பட்டு போனார்கள். கருவியைப் பையில் எடுத்துக்கொண்டார். மறுநாள் அப்படியே வேலைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று தனக்கே காரணம் சொல்லிக்கொண்டார். மறுநாள் வீட்டிலிருந்துதான் வேலைக்குப் போக வேண்டும் என்பது அப்போது தோன்றவில்லை. ரயில் நிலையத்துக்குப் பின்னால் இரண்டாவது மாடியில் சம்பந்தி வீடு. கூடம் நிறையப் பெண்கள். ஹரிப்ரியாவின் இரண்டு கையிலும் முழங்கைவரை கண்ணாடி வளையல்கள். மாப்பிள்ளை ஸ்ரீவத்ஸன் பந்தி பார்த்துக்கொண்டிருந்தான்.

சாப்பாட்டுக்குப் பிறகு ஹரிப்ரியா பின்பக்க அறையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். தாமோதரன் போய் எல்லாவற்றையும் அவளிடம் சொன்னார். அவள் கேட்டுவிட்டுச் சிரித்தாள். "கடைசில நீங்களும் முள்ளைப் பார்க்காம விட்டுட்டேளா?" என்றாள். பிறகு பையைப் பார்த்துவிட்டு, "அதான் மிஷினா? இங்கே எவ்வளவு இருக்குப்பா?" என்றாள்.

வேண்டாம் என்றுதான் சொன்னார். அவள் விடவில்லை. கதவைச் சாத்திவிட்டு, வெள்ளித்தாளைச் சுற்றிப் பூஜ்யம் வைத்து, தாளைப் பிரித்து, கையை முழுக்க நீட்டிப் பிடித்தார். அவள் யார் யார் என்ன வளையல் போட்டார்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். பதினான்கு. ஜன்னலுக்கு வெளியே, நாலைந்து கட்டடம் தள்ளி, இவர்கள் மாடிக்குச் சரியான உயரத்தில் ஒரு கோபுரம் நின்றது. வாசலிலிருந்து பார்த்தால் அது தெரியாது. கோபுரத்து அலை அடியில் இருப்பவனை விட்டுவிட்டு எட்ட இருப்பவன் மேல் அடிக்கும் என்று கிரிதர் ஏதோ சொல்லியிருந்தான்.

பதினான்கு. பழக்கதோஷத்தில் தாளில் நேரத்தோடு எழுதிவிட்டார். எழுதிய பிறகுதான் அது என்ன எண் என்று உறைத்தது. இதைக் கூடத்தில் சொன்னால் போதும். பெண்ணை இப்போதே அனுப்பிவிடுவார்கள். சகுந்தலாவுக்கு நிம்மதி. அவருக்கும் மானம் பிழைக்கும்.

ஹரிப்ரியா திரையை எட்டிப் பார்த்துவிட்டுப் பேச்சை நிறுத்தினாள்.

"அம்மாகிட்ட சொல்லாதீங்கோப்பா. மாமிகிட்டேயும். பொறந்து மூணு மாசம் கழிச்சுக் குழந்தையோட நான் இங்கேதான் வரணும். மாமி இந்த ரூமையே பூட்டிடுவா. அப்புறம் தினம் ஒரு பேப்பர் கட்டிங். என்னால முடியாது."

அது ஆபத்தான எண்ணா இல்லையா என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவருக்குத் தெரியாது.

கூடத்துக்கு வந்தார். கிளம்பும் நேரம். சகுந்தலா துணிப் பெட்டியைக் கதவருகே கொண்டுவந்து வைத்திருந்தாள். தாமோதரன் சௌந்தரவல்லியின் எதிரே நின்று, போன வாரம் சொன்ன சைபர் தப்பு என்றார். எப்படித் தப்பு என்பதை அடுப்பு உதாரணத்தோடு விளக்கினார். சகுந்தலா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சௌந்தரவல்லி, மாணவன் பாடம் ஒப்பிப்பதைக் கேட்பதுபோல் கவனமாகக் கேட்டாள்.

"அப்போ சரியான கணக்கு என்ன?"

"ஒண்ணுலேர்ந்து ஒம்பது வரைக்கும்."

"ஒண்ணா, ஒம்பதா?"

"எங்கே நிக்கறோங்கறதைப் பொறுத்தது. நேரத்தைப் பொறுத்தும்."

"எவ்வளவு இருந்தா தேவலை?"

மூன்று தாள்களைப் பற்றியும் சொன்னார். சொல்லச் சொல்ல, தான் சொல்வது எதுவும் உதவவில்லை என்பது அவருக்கே தெரிந்தது. யாரோ ஒரு மாமி, பூஜ்யம் புள்ளி ஒன்றா என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள்.

சௌந்தரவல்லி கையை உயர்த்தி அவளை நிறுத்தினாள். பிறகு, "இந்த நம்பரெல்லாம் எனக்குப் புரியலை. அனுப்பலாமா, கூடாதா? நீங்க அதை மட்டும் சொல்லுங்கோ" என்றாள்.

கடைசிக் கட்டம். அதிகாரி நிரப்புகிற கட்டம். தாமோதரன் தன்னையறியாமல் சுற்றுமுற்றும் பார்த்தார். ஸ்ரீவத்ஸன் சுவரில் சாய்ந்து அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தான். பின்பக்க அறை வாசலில் ஹரிப்ரியா நின்றாள்.

"அனுப்புங்கோ" என்றார்.

குரல் தெளிவாக வந்தது. நன்றாகத் தெரிந்தவன் சொல்வதுபோல வந்தது. அது எங்கிருந்து வந்தது என்று அவருக்கு விளங்கவில்லை.

சௌந்தரவல்லி தலையை ஆட்டினாள். உடனே ஒன்று கேட்டாள். "இங்கேயும் மிஷினை எடுத்துண்டு வந்திருக்கேளாமே. இங்கே பார்த்தேளா?"

"இல்லை" என்றார் தாமோதரன். "பேட்டரி போயிடுத்து."

"பத்து நாள் அங்கே இருக்கட்டும்" என்றாள் சௌந்தரவல்லி கடைசியில். "பத்து நாள் கழிச்சு நான் வந்து பார்க்கறேன். அப்புறம் யோசிக்கலாம்."

அதை வெற்றி என்று எடுத்துக்கொள்வதா என்று யாருக்கும் தெரியவில்லை. சகுந்தலா பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் வேகமாக இறங்கினாள், மனசு மாறுவதற்குள் தெருவை எட்டிவிட வேண்டும் என்பதுபோல.

கார் திருக்கழுக்குன்றம் சாலையில் போனது. பின் இருக்கையில் அம்மாவின் தோளில் சாய்ந்து ஹரிப்ரியா தூங்கிவிட்டாள். முன் இருக்கையில் தாமோதரன் தாளை எடுத்தார். ஒன்று, ஆறு, இரண்டு, நான்கு, ஒன்பது. எல்லாவற்றுக்கும் கீழே பதினான்கு, பிற்பகல் ஒன்று ஐம்பது. தவறான அளவைக்கூட அழிக்கக் கூடாது, மேலே ஒரே கோடு போட்டுப் பக்கத்தில் கையெழுத்திட வேண்டும் என்பது வேலையில் சட்டம். ஆனால் இது தவறான அளவா? ஒரே தடவை எடுத்தது. ஆறு நிமிஷம் பிடித்தாரா என்று யோசித்தார். அவள் பேசிக்கொண்டே இருந்தாள். கடிகாரத்தைப் பார்த்ததாக நினைவில்லை. வளையல் கதை எவ்வளவு நேரம் ஓடியிருக்கும்? பெரிய மாமியின் பச்சை வளையலில் தொடங்கி, ராஜம் கொண்டுவந்தது அளவு சேராமல் போனதுவரை. நாலு நிமிஷம் இருக்கும். ஐந்தும் இருக்கலாம்.

அவர் அந்த வளையல் கதையை முதலிலிருந்து மறுபடி மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார்.